இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காது என்றுதானே அர்த்தம்?

ஜூன் 4, மாலை

கேள்வி: "இன்" என்று முன்னால் வந்தால் எதிர்ப்பதம் என்று படித்திருக்கிறோம். விசிபிள், இன்விசிபிள். கரெக்ட், இன்கரெக்ட். டைரக்ட், இன்டைரக்ட். அந்தக் கணக்கில் டேங்கர் லாரியின் முதுகில் "ஹைலி இன்ஃப்ளேமபிள்" என்று எழுதியிருந்தால் "தீப்பிடிக்கவே பிடிக்காது" என்றல்லவா ஆகவேண்டும்? எழுதுகிறவர்கள் எல்லாரும் தப்பா, இங்கிலீஷே தப்பா?

ஜூன் 4, இரவு

லாரிப் பக்கத்தில் போய்ச் சோதித்துப் பார்த்துவிட வேண்டாம். தீப்பிடிக்கும். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் ஒன்றே. தீப்பிடிக்காததற்கு நான்-ஃப்ளேமபிள் என்று தனியாக ஒன்று உண்டு.

எழுதுகிறவர்கள் மேல் தப்பில்லை. குழப்பம் லத்தீனிலிருந்து வருகிறது. அங்கே "இன்" ஒன்றல்ல, இரண்டு. ஒன்று "உள்ளே, மேலே, நோக்கி" என்பது. இன்னொன்று "இல்லை, அல்ல" என்பது. பிறப்பு வேறு, வேலை வேறு, உருவம் மட்டும் ஒன்று. "இன்ஃப்லமாரே" என்ற லத்தீன் வினையில் இருப்பது முதல் வகை: தீயை உள்ளே ஏற்று, கொளுத்து. அந்த வினையோடு "கூடிய" என்ற விகுதி சேர்ந்து இன்ஃப்ளேமபிள், கொளுத்தக்கூடியது. எதிர்மறை "இன்" இதில் எங்குமே இல்லை.

ஜூன் 5

"ஒரு சொல்லைப் பார்த்தவுடன் எந்த இன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் சரியான இடத்தில்.

இன்விசிபிள்: முதலில் "விசிபிள்" உருவானது, காணக்கூடிய. அதன் தலையில் பிறகு "இன்" ஏறியது. வெட்டு "இன்"னுக்குப் பின்னால் விழும்.

இன்ஃப்ளேமபிள்: முதலில் "இன்ஃப்ளேம்" உருவானது, கொளுத்து. அதன் வாலில் பிறகு "ஏபிள்" ஒட்டியது. வெட்டு வாலுக்கு முன்னால் விழும்.

எழுத்து வரிசை ஒரே மாதிரி, கட்டிய வரிசை வேறு. இதுதான் மொத்த விஷயமும்.

ஒரு கட்டைவிரல் விதி வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: எதிர்மறை "இன்" பெயரடையைத் தேடிப் போய் ஒட்டும் (சேன் – இன்சேன், ஜஸ்ட் – இன்ஜஸ்ட் அல்ல, அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ் உண்டு, இங்கிலீஷ் இப்படித்தான் வம்பு பண்ணும்). உள்நோக்கும் "இன்" வினையைத் தேடிப் போய் ஒட்டும்: இன்ஹேல், இன்ஸ்பயர், இன்வேட், இன்க்ளூட்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

உடனே ஒருவர் "இக்னோர் வினைதானே, அதில் எதிர்மறை இருக்கிறதே" என்று மடக்குகிறார். நல்ல கேள்வி. "இக்னாரஸ்" என்று லத்தீனில் ஒரு பெயரடை உண்டு, அறியாத என்று பொருள். எதிர்மறை ஒட்டியது அந்தக் குடும்பத்தில்தான், இக்னோர் அந்த வீட்டுப் பிள்ளை. விதி பிழைத்தது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

ஜூன் 6

"இக்னோரில் இன் எங்கே இருக்கிறது, இக் தானே இருக்கிறது?"

அதையும் சொல்லிவிடுகிறேன். லத்தீன் "இன்" பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப முகம் மாற்றும். ப, ம வந்தால் "இம்": இம்பாசிபிள், இம்மார்ட்டல். ல வந்தால் "இல்": இல்லீகல். ர வந்தால் "இர்": இர்ரெகுலர். க்ன வந்தால் ன் மறைந்தே போகும்: இக்னரன்ஸ், இக்னோபிள்.

தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. "சம்" என்ற வடமொழி முன்னொட்டு சங்கீதத்தில் சங், சஞ்சாரத்தில் சஞ், சந்தோஷத்தில் சந், சம்பவத்தில் சம் என்று வருகிறதே, அதே சமாச்சாரம். நாக்கு அடுத்த எழுத்துக்கு முன்கூட்டியே தயாராகிறது.

இதில் கொடுமை, இரண்டு "இன்"னும் ஒரே மாதிரி முகம் மாற்றும். இம்பாசிபிளில் "இல்லை", இம்போர்ட்டில் "உள்ளே". இல்லீகலில் "இல்லை", இல்லுமினேட்டில் "மேலே ஒளி பாய்ச்சு". இர்ரெகுலரில் "இல்லை", இர்ரிகேஷனில் "நீரை உள்ளே விடு". ஒன்றாவது மாறாமல் நின்றிருந்தால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஜூன் 7

எது முந்தியது என்று கேட்டவருக்கு: இன்ஃப்ளேமபிள்தான் மூத்தது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலீஷில் இருக்கிறது. ஃப்ளேமபிள் 19ஆம் நூற்றாண்டில் வந்த தம்பி. வந்த பிறகும் நெடுநாள் யாரும் சீந்தவில்லை.

தம்பிக்கு வாழ்வு வந்தது பாதுகாப்புக்காரர்களால். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், "இன்" போட்டால் ஆட்கள் தீப்பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார்கள், ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. 1959இல் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனமும் குழப்பத்தைத் தவிர்க்க ஃப்ளேமபிள், நான்-ஃப்ளேமபிள் என்ற ஜோடியையே ஊக்குவிப்பதாகச் சொன்னது. இலக்கண சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். பேரலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு லத்தீன் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த 1920களின் ஆள்தான் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெரிய பெயர், ஆனால் சம்பளம் வாங்கியது ஹார்ட்ஃபோர்டு தீ காப்பீட்டு நிறுவனத்தில், தீத்தடுப்புப் பொறியாளராக. பெட்ரோல் நிரம்பிய டிரம்களின் அருகில் ஜாக்கிரதையாக இருக்கும் தொழிலாளர்கள், "காலி" என்று சொல்லப்பட்ட டிரம்களின் அருகில் அலட்சியமாகப் புகைப்பதை அவர் கவனித்து எழுதினார். காலி டிரம்மில் ஆவி நிற்கும், அதுதான் அதிக ஆபத்து. "காலி" என்ற சொல் ஆளைத் தூங்க வைத்துவிட்டது. "இன்" செய்வதும் அதையேதான்.

ஜூன் 7, இரவு

"ஃபேமஸ் ஆகாதவரை இன்ஃபேமஸ் என்று சொல்லலாமா?" இன்ஃபேமஸ் என்றால் கெட்ட பெயர் எடுத்தவர். சொல்லிப் பாருங்கள். மறுநாள் நீங்கள்தான் ஃபேமஸ்.

ஜூன் 9

என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாக. ரசாயனப் பொருள்களோடு வரும் பாதுகாப்புத் தாள்களைத் தமிழாக்குவதும், மற்றவர்கள் ஆக்கியதைச் சரிபார்ப்பதும் என் வேலை. ஒரு ஸ்ப்ரே டப்பாவுக்கான தாள் வந்தது. "இன்ஃப்ளேமபிள் ப்ரொபெல்லன்ட்" என்ற இடத்தில் "தீப்பிடிக்காத உந்துவாயு" என்று அழகாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தது. உள்ளே இருப்பது பியூட்டேன். அதே தாளில் நாலு வரி கீழே: "தீப்பொறி, திறந்த சுடர், சூடான பரப்பு ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்கவும்." தீப்பிடிக்காத வாயுவை எதற்கய்யா விலக்கி வைக்க வேண்டும்? எழுதியவருக்கு அந்த இடத்தில் ஒரு நெருடலும் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்.

"எளிதில் தீப்பற்றக்கூடிய" என்று திருத்தி அனுப்பினேன். அவர் விடவில்லை, "அகராதியில் இன் என்றால் நாட் என்று போட்டிருக்கிறதே" என்றார். போட்டிருக்கிறதுதான். பக்கத்திலேயே இரண்டாவது பதிவும் போட்டிருக்கும். முதல் பதிவைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடுவதுதான் நம் வழக்கம்.

இந்த விஷயத்தில் தமிழ் எவ்வளவோ தேவலை. தீப்பற்றக்கூடியது, தீப்பற்றாதது, எந்த இருட்டில் படித்தாலும் மாறிப்போகாது. எதிர்மறை சொல்லின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது, தலையில் தொப்பி மாதிரி ஏறி உட்காரவில்லை.

ஒரு உபரித் தகவல்: "எரியக்கூடியது" வேறு, "தீப்பற்றக்கூடியது" வேறு. மரக்கட்டை எரியும், ஆனால் தீக்குச்சியைக் காட்டியவுடன் பற்றாது. திரவங்களுக்கு இதை ஃப்ளாஷ் பாயிண்ட் வைத்து அளக்கிறார்கள், அதாவது எந்தச் சூட்டில் அதன் ஆவி சுடர் பட்டால் பற்றும் என்று. உலக அளவில் ஒத்துக்கொண்ட வகைப்பாட்டில் 93 பாகை செல்சியஸ் வரை இருந்தால் தீப்பற்றும் திரவம்தான்.

ஜூன் 11

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "லத்தீன் இன் என்பது நம் இன்மை, இன்றி என்பதிலிருந்து போனதுதான். இதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?"

தயக்கம் இல்லை. இல்லை என்பதுதான் பதில். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

இன்மையில் இருக்கும் ன் மூலத்தில் ன் இல்லை. இல் + மை = இன்மை. நல் + மை = நன்மை, மெல் + மை = மென்மை, வல் + மை = வன்மை என்று ஆவது போல ல், ம-வுக்கு முன்னால் ன் ஆகிறது. வேர் "இல்". இல்லை, இல்லாத, இலன் எல்லாவற்றிலும் ல் பத்திரமாக இருக்கிறது.

லத்தீனில் நேர் எதிர். வேரில் ன்தான் இருக்கிறது, ல-வுக்கு முன்னால் அது ல் ஆகிறது. ஆக "இல்லீகல்"லில் இருக்கும் இல், உண்மையில் இன். "இன்மை"யில் இருக்கும் இன், உண்மையில் இல். பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இடத்தில் இரண்டுமே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. வேஷத்தைக் கலைத்தால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாது.

லத்தீன் எதிர்மறைக்கு உண்மையான சொந்தக்காரர்கள் வேறு இருக்கிறார்கள். இங்கிலீஷின் சொந்தச் சரக்கான "அன்" (அன்ஹேப்பி), கிரேக்கத்தின் அ, அன் (அனார்க்கி), வடமொழியின் அ, அன். நாம் தினமும் புழங்கும் அநியாயம், அசுத்தம், அனர்த்தம், அனாவசியம் எல்லாவற்றின் தலையிலும் இருப்பது அதுதான். மெய்யெழுத்து வந்தால் அ, உயிரெழுத்து வந்தால் அன். எல்லாம் "ந" என்ற பழைய மறுப்பின் தேய்ந்த வடிவங்கள்.

உள்நோக்கும் "இன்"னுக்கு உறவுக்காரன் இங்கிலீஷில் "இன்" என்றே இருக்கிறான். பாருங்கள், இங்கிலீஷ் தன் சொந்தச் சொற்களில் இன்னையும் அன்னையும் பிரித்து ஒழுங்காகத்தான் வைத்திருந்தது. லத்தீனிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கியபோதுதான் குழப்பம் சேர்ந்து வந்தது.

ஜூன் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வேறு ஒன்று உறைத்தது. உறவு இல்லை என்று சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனால் லத்தீனுக்கு நேர்ந்த அதே விபத்து தமிழுக்கும் நேர்ந்திருக்கிறது, அதுவும் அச்சு அசலாக.

தமிழில் "இல்" எத்தனை? வீட்டில், ஊரில் என்று வரும் இல், "உள்ளே". இல்லை, இல்லாத என்று வரும் இல், "இல்லை". உள்ளே, இல்லை, லத்தீன் "இன்"னின் அதே இரண்டு வேலைகள், ஒரே உருவத்தில்! முதல் "இல்"லுக்கு வீடு என்று பொருள் உண்டு. இல்லம், இல்லறம் அதிலிருந்து வந்தவை. இடத்தைக் காட்டும் உருபும் அந்த வழிதான். நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுகளைக் கண், கால், கடை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் "இல்" என்று முடிக்கும்.

புலவர்கள் இந்த இரட்டையை விட்டுவைப்பார்களா?

"இல்லதென் இல்லவள் மாண்பானால் உள்ளதென்
இல்லவள் மாணாக் கடை"

53ஆம் குறள். இல்லது என்பது இல்லாதது, இல்லவள் என்பது வீட்டுக்காரி. இரண்டு இல்லையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நடுவில் "உள்ளது" என்று ஒன்றையும் வைக்கிறார். நல்வழியில் ஔவை இன்னும் சுருக்கம்: "இல்லானை இல்லாளும் வேண்டாள்." கையில் காசு இல்லாதவனை வீட்டுக்காரிகூட ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். ஆன், ஆள் விகுதிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இல், இல்.

நமக்கு இதில் ஏன் குழப்பமே வருவதில்லை என்று யோசித்தேன். இடம்தான் காரணம் என்று படுகிறது. உருபு "இல்" பெயருக்குப் பின்னால் வந்து அங்கேயே நின்றுவிடும். மறுப்பு "இல்" அப்படி நிற்காது, ஐ, ஆத, ஆமல் என்று எதையாவது இழுத்துக்கொண்டு போகும். பழைய செய்யுளில் மட்டும்தான் வெறும் "இல்" எதிர்மறையாக நின்று உரையாசிரியர்களுக்கு வேலை கொடுக்கும்.

ஜூன் 13

"ரோமானியர்களே குழம்பினார்களா, அல்லது இது நம் பிரச்சினை மட்டுமா?"

குழம்பினார்களோ இல்லையோ, சிரித்திருக்கிறார்கள். "இன்வொகாட்டஸ்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: அழைக்கப்படாதவன், பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன். பிளாட்டஸ் எழுதிய காப்டிவி நாடகத்தின் முதல் காட்சியிலேயே எர்காசிலஸ் என்ற ஓசிச் சாப்பாட்டுக்காரன் வந்து, ஊர் இளவட்டங்கள் தனக்கு "தாசி" என்று பட்டப்பெயர் வைத்திருப்பதாகச் சொல்கிறான். ஏனாம்? விருந்துகளில் அவன் எப்போதும் "இன்வொகாட்டஸ்". அழைக்காமலே வந்து நிற்பான் என்பது ஒரு பொருள். பகடை உருட்டும் காதலன் அதிர்ஷ்டத்துக்காகத் தன் காதலியின் பெயரைச் சொல்லி அழைப்பான், அப்படி அழைக்கப்படுபவள் என்பது இன்னொன்று. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முந்தைய கடி ஜோக். கூட்டம் சிரித்திருக்க வேண்டும் என்றால் இரண்டு பொருளும் அவர்கள் காதில் ஒரே நேரத்தில் விழுந்திருக்க வேண்டும்.

இன்னொன்று "இன்ஃபெக்டஸ்". செய்யப்படாதது என்று ஒரு பொருள். சாயத்தில் முக்கப்பட்டது, கறைபட்டது என்று மற்றொன்று. துணிக்குச் சாயம் போடுபவரை லத்தீனில் இன்ஃபெக்டர் என்றார்கள். நம் இன்ஃபெக்ஷன் அந்தச் சாயத் தொட்டியிலிருந்து எழுந்து வந்ததுதான், உள்ளே ஊறிக் கறைப்படுத்துவது.

ஜூன் 15

சொந்தக்காரர்கள் பற்றிச் சொன்னதற்கு உதாரணம் கேட்டவருக்கு இரண்டு.

இக்னரன்ஸும் அஞ்ஞானமும் ஒரே வார்ப்பு. முன்னொட்டும் ஒன்று, அறிதலைக் குறிக்கும் வேரும் ஒன்று (லத்தீனில் க்னோ, வடமொழியில் ஜ்ஞா). 1869இல் ஹக்ஸ்லி உருவாக்கிய அக்னாஸ்டிக் (கடவுள் உண்டா என்று அறிய முடியாது என்பவர்) என்ற சொல்லும் கிரேக்க வழியாக அதே வீடு. அஞ்ஞானி என்று ஒருவரைத் திட்டினாலும் இக்னரன்ட் என்று திட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இம்மார்ட்டலும் அமரரும் அப்படியே. மார்ட்டல், மரணம் ஒரே வேர், முன்னால் மறுப்பு. சாகாதவர். அமுதமும் கிரேக்கர்களின் அம்ப்ரோசியாவும் இதே குடும்பத்துச் சாப்பாடு. அமரர் என்றால் சாகாதவர் என்று வைத்துக்கொண்டு, இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் மட்டும் அதைப் போடுகிறோமே, இன்ஃப்ளேமபிளைக் குறைசொல்ல நமக்கு எந்த யோக்யதையும் இல்லை.

ஜூன் 18

ஒளிந்திருக்கும் "இன்"கள் சில, யாரோ கேட்டதற்காக.

இன்ஃபன்ட்: பேசாதது, அதாவது பேச்சு வராத குழந்தை. அது வளர்ந்து இத்தாலிய மொழியில் இளைஞன் ஆகி, காலாள் ஆகி, இன்ஃபன்ட்ரி ஆனது. காலாட்படையின் பெயரில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

எனிமி: உருவமே தெரியாமல் ஒளிந்திருப்பது. லத்தீன் இனிமிகஸ், நண்பன் அல்லாதவன். பிரெஞ்சு வழியாக வந்ததில் இ, எ ஆகிவிட்டது.

இம்யூன்: வரி, ஊழியம் போன்ற பொதுக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர். நோய்க்கு விலக்கு என்பது வெகு பின்னால் வந்தது.

இன்செக்ட்: இது எதிர்மறை அல்ல. உள்ளே வெட்டப்பட்டது, உடல் துண்டு துண்டாக இருப்பதால். கிரேக்கச் சொல்லை அப்படியே லத்தீனில் பெயர்த்தது.

இன்டிவிஜுவல்: பிரிக்க முடியாதது. ரோமானிய எழுத்தாளர் சிசரோ, கிரேக்க "அடோமோஸ்" (இங்கிலீஷில் ஆட்டம், நம் அணு) என்பதற்கு லத்தீனில் வைத்த பெயர் இது. அணுவும் தனிமனிதனும் பெயரளவில் ஒன்று. அணுவைப் பிளந்தாயிற்று. மற்றவரைப் பற்றி வேறொரு இழையில் பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 19

"இன்வேல்யுவபிள் விலை இல்லாததுதானே, அப்புறம் ஏன் உசத்தி?" இது எதிர்மறைதான், சந்தேகமே இல்லை. மதிப்பிட முடியாதது. முடியாமைக்குக் காரணம் மதிப்பு எல்லை தாண்டிப் போனது. தமிழிலும் விலையில்லாதது இலவசம், விலைமதிப்பில்லாதது பொக்கிஷம். நடுவில் ஒரு "மதிப்பு" நுழைந்தவுடன் தலைகீழ்.

ஜூன் 21

பிரெஞ்சு தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார், நல்லது. அங்கே தீப்பிடிப்பது இன்ஃப்ளமாபிள், தீப்பிடிக்காதது இனின்ஃப்ளமாபிள். இரண்டு "இன்"னும் ஒன்றன் தலையில் ஒன்று! முதலாவது மறுப்பு, அடுத்தது உள்ளே. நேர்மையான ஏற்பாடு, நாக்கு சுளுக்கினால் அது வாசிப்பவர் பாடு.

ஆனால் "இன்ஹேபிடபிள்" விஷயத்தில் பிரெஞ்சும் இங்கிலீஷும் மோதிக்கொள்கின்றன. அதே எழுத்துகள், இங்கிலீஷில் குடியிருக்கத் தக்கது, பிரெஞ்சில் குடியிருக்க முடியாதது. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷிலும் இரண்டாவது பொருள் இருந்தது: இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில் ஆல்ப்ஸின் உறைந்த முகடுகளைச் சொல்லி, அதோடு சேர்த்து "இன்ஹேபிடபிள்" ஆன வேறெந்த நிலத்தையும் சொல்கிறார்கள். மனிதன் வாழ முடியாத இடம் என்று பொருள். ஆக இங்கிலீஷ் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வெட்டியது, பிறகு இந்தப் பக்கம் வெட்டியது. குழப்பம் தாங்காமல் எதிர்மறைக்கு அன்இன்ஹேபிடபிள் என்று சொந்த "அன்"னை முன்னால் மாட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் மாதிரியே இரட்டைத் தலை.

ஜூன் 22

"இன்ஜினியர் என்றால் ஜினியர் அல்லாதவரா?" கேட்டவர் இன்ஜினியராம். கவலைப்பட வேண்டாம், உங்களுடையது உள்நோக்கும் இன். இன்ஜெனியம் என்றால் உள்ளே பிறந்தது, பிறவித் திறமை. ஜனனம் என்பதில் இருக்கும் அதே வேர். திறமை என்பது திறமையாகச் செய்த பொறிக்குப் பெயராகி எஞ்சின் ஆனது, பொறியைச் செய்தவர் இன்ஜினியர் ஆனார். இன்ஜீனியஸும் அங்கிருந்துதான். இன்னோசன்ட் மட்டும் மறு பக்கம், தீங்கு செய்யாதவர். இரண்டுமாக ஒருவரே இருக்க முடியுமா என்பது உங்கள் மேனேஜரைக் கேட்க வேண்டிய கேள்வி.